யானையின் வயிற்றில் யாருடைய சரக்கு?

2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை எழுந்து நிற்க முடியாமல் விழுந்து கிடந்தது. பக்கத்தில் அதன் குட்டி. கால்நடை மருத்துவர்கள் கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்திச் சிகிச்சை செய்தார்கள். பலனில்லை, 20-ந் தேதி மாண்டது. அறுத்துப் பார்த்தால் வயிற்றிலே கரு, கூடவே பிளாஸ்டிக் குப்பை. அதே மலையடிவாரத்தில்தான் சோமையம்பாளையம் பஞ்சாயத்தின் குப்பைக் கிடங்கு. அங்கே யானைகள் மேய வருவது ஊரறிந்த விஷயம்.

கோடையில் காடு காய்கிறது. உப்பும் எண்ணெயும் படிந்த கவர் வாசனை காட்டுகிறது. துதிக்கை இருந்தென்ன, சோறு வேறு கவர் வேறு என்று பிரிக்க யானைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? முழுங்கிய கவர் செரிப்பதில்லை, குடலை அடைக்கிறது.

"யானைச் சமாசாரம் பனியன் தொழிலாளிக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். யானையை விடுங்கள். விவசாயத் தொழிலாளி வீட்டில் இருப்பது ஒரே கறவை மாடு. மேய்ச்சல் புறம்போக்கு பறிபோனபின் அதுவும் குப்பைமேட்டில்தான் வாய் வைக்கிறது. வயிறு உப்பி மாடு செத்தால் வனத்துறையும் வராது, கிரேனும் வராது. பால் பணம் நின்றது, கடன் மட்டும் நின்றபாடில்லை.

கனவான்கள் உடனே உபதேசம் செய்ய வருகிறார்கள்: "ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை!" பத்து ரூபாய்க்கு எண்ணெயும் ஷாம்பும் பாக்கெட்டில் வாங்குகிறவன், லிட்டர் கணக்கில் வாங்கக் காசில்லாமல்தான் வாங்குகிறான். பாக்கெட்டில் அடைத்து விற்று லாபம் எடுத்தவன் யார்? 2016-ம் வருஷ மத்திய சர்க்கார் விதி, அந்தக் குப்பையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று சொல்கிறது. தமிழக சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபோதோ, கம்பெனிப் பொட்டலங்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கை நீக்க 2020 ஆயிற்று. அதுவரை அபராதம் கட்டியது யார்? பூக்காரியும் தள்ளுவண்டிக்காரனும்!

நம் திருப்பூரையே பாருங்கள். மாநகராட்சிக் குப்பை பாறைக்குழிகளில் கொட்டப்பட்டது. 2025-ல் முதலிபாளையம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024-ல் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் ஏறியது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிற குளம் அது. பட்டியலில் ஏறிவிட்டால் மட்டும் ஊர்ச் சாக்கடையும் நூல் துணுக்கும் தண்ணீரை விட்டு ஓடிவிடுமா? பறவையின் காலில் நூல் சுற்றினால், உதற உதற இறுகும்.

இதைப் பேசினால் "வேலை போய்விடும்" என்று முதலாளி பயமுறுத்துவான். அந்தப் பயம் வெறும் பயமல்ல. 1992-ல் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. கீழே விவசாயம் பாழ். 2011 ஜனவரியில் ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டினி கிடந்தது பட்டறைத் தொழிலாளி. பல முதலாளிகள் துணியை வெளியூர் அனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டார்கள். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைகளும் ஓடின. அப்படியானால் சுத்திகரித்தே தொழில் நடத்த முடியும்; முதலிலேயே செய்யாதது செலவுக்கு அஞ்சித்தான்.

ஆகவே இந்தக் கோரிக்கை தொழிற்சங்கத்தின் கோரிக்கையாகவே இருக்க வேண்டும். காட்டோரக் குப்பைக் கிடங்குகளை அகற்றி, இருக்கும்வரை வேலி போடு. கட்டிங் வேஸ்டைப் பட்டறை வாசலிலேயே எடைபோட்டு எடுக்கச் செய். செலவை கம்பெனி ஏற்கட்டும். துப்புரவுத் தொழிலாளியை காண்ட்ராக்டிலிருந்து நீக்கி நிரந்தரமாக்கு. குப்பையைத் தரம் பிரிப்பவர் அவர்தான்.

மே 1-ந் தேதி கிராமசபை கூடுகிறது. நம் ஊர்க் குப்பை எந்தப் பாறைக்குழிக்குப் போகிறது, காண்ட்ராக்டருக்கு எவ்வளவு பட்டுவாடா ஆகிறது என்று அங்கே கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.