பல்லுக்குப் பணமில்லையாம், பீரங்கிக்கு உண்டாம்!

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். உழைப்பாளிக்கோ சோறும் போச்சு! மெல்ல முடியாத உடம்பு மூட்டை தூக்குமா? பல் செட்டு பணக்காரனின் அலங்காரமல்ல, ஏழையின் அத்தியாவசியத் தேவை என்கிறோம் நாம்.

1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை பிறந்தது. அதை உருவாக்கிய மந்திரி அனூரின் பெவன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். பல் செட்டும் மூக்குக் கண்ணாடியும் இலவசம்! பல்லின்றித் தவித்த ஏழைகள் லட்சக்கணக்கில் திரண்டனர்.

மூன்றே ஆண்டு! 1951இல், கொரிய யுத்தத்தையொட்டி, ஆயுதம் பெருக்க மூன்றாண்டுகளுக்கு 470 கோடி பவுன் என்று திட்டமிட்டது சர்க்கார். அதே ஆண்டு பட்ஜெட்டில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் பல் செட்டு விலையில் சுமார் பாதியை நோயாளியின் தலையில் கட்டினார். முதலாண்டில் மிச்சம் பிடிக்க நினைத்தது வெறும் 1.3 கோடி பவுன்! இதைச் செய்தது முதலாளிகளின் கட்சியா? இல்லை, தொழிற்கட்சி! பெவன் பதவியை உதறி வெளியேறினார். இங்கிலாந்தில் பெரும்பாலோருக்குப் பல் செட்டுக் கட்டணம் இன்றும் நீங்கவில்லை.

தோழர்களே! பெற்ற உரிமையைக் காவல் காக்காவிட்டால் பறிபோகும். "கஜானாவில் காசில்லை" என்று எந்தச் சர்க்கார் கைவிரித்தாலும் நாம் கேட்போம்: பீரங்கிக்கு மட்டும் காசு எங்கிருந்து வந்தது?