நல்ல கொழுப்பு காவல் நிற்குமா?



புலாவ் செபாங், தம்பின், அலோர் காஜா வட்டாரத்தில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் வருகிறவர்கள் பலரிடம் இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கும். அதில் எச்.டி.எல். என்ற வரியைப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறதாம்; மாரடைப்பு என்னை அண்டாது" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அந்தத் தைரியத்தில் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இது சரிதானா?

கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தத்தில் அது தனியாக ஓடவும் முடியாது. ஒரு வகைப் புரதத்தோடு சேர்ந்துதான் போக வேண்டும். அதை லோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.எல். என்னும் லோரி கொழுப்பை உடலெங்கும் கொண்டு போகிறது. அது அளவுக்கு மிஞ்சினால் இரத்தக் குழாயின் சுவரிலேயே சரக்கை இறக்கிவிடும். அங்கே படிந்த கொழுப்பு ஒரு நாள் வெடிக்கும். அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, இருதயத்துக்குப் போகும் குழாயை அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் இப்படித்தான் மாரடைப்பு வருகிறது. எச்.டி.எல். லோரியோ மிஞ்சிய கொழுப்பைத் திரட்டி ஈரலுக்குக் கொண்டு சேர்க்கிறது. எனவேதான் முன்னதைக் கெட்டது என்றும், பின்னதை நல்லது என்றும் சொன்னார்கள்.

அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய இருதய ஆராய்ச்சி, நல்ல கொழுப்பு குறைந்தவர்களுக்கே மாரடைப்பு அதிகம் என்று 1977-இல் எடுத்துக் காட்டியது. அப்படியானால் மருந்து கொடுத்து நல்ல கொழுப்பைக் கூட்டினால் மாரடைப்பு குறையுமல்லவா என்று மருத்துவர்கள் எண்ணினார்கள்.

சுமார் 15,000 பேரை வைத்து டோர்செட்ராபிப் என்ற மருந்தைச் சோதித்தார்கள். நல்ல கொழுப்பு நூற்றுக்கு 72 பங்கு கூடியது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் 93 பேரும், சாப்பிடாதவர்களில் 59 பேரும் இறந்தார்கள். 2006 டிசம்பரில் சோதனையை அவசரமாக நிறுத்தினார்கள். அந்த மருந்து இரத்தக் கொதிப்பையும் கூட்டியது என்பது உண்மை. ஆனால் அந்தக் கோளாறு மிகக் குறைவாக இருந்த இன்னொரு மருந்தும் 2012-இல் பலன் தரவில்லை. பிறவியிலேயே நல்ல கொழுப்பு கூடுதலாக அமைந்த ஒரு சாராரை அதே ஆண்டில் ஆராய்ந்தபோது, அவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை.

காரணம் என்ன? செம்பனைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். சாலையில் குலைகளோடு எத்தனை லோரி நிற்கிறது என்று எண்ணிவிட்டால், அன்றைக்கு எத்தனை டன் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியுமா? பரிசோதனைத் தாளும் அப்படித்தான். லோரியில் நிற்கிற சரக்கை அது காட்டும். ஈரலுக்குப் போய்ச் சேர்ந்த சரக்கைக் காட்டாது.

நல்ல கொழுப்பு குறைவாக இருப்பது ஓர் அடையாளம். ஆணுக்கு 1.0 மில்லிமோலுக்கும் பெண்ணுக்கு 1.2-க்கும் கீழே இருந்தால், தொப்பை, சிகரெட், இனிப்பு நீர், உடல் அசையாத வாழ்க்கை ஆகியவற்றில் ஏதாவது பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகையை மட்டும் விசிறிவிட்டால் நெருப்பு அணைந்துவிடாது. ஆகவே, "சம்சு குடித்தால் நல்ல கொழுப்பு கூடும்", "தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கூட்டும்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். கூடினாலும் அது காவல் நிற்காது. தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பையும் சேர்த்தே கூட்டும்.

இதை நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டாக்டர் டி. ஜே. தனராஜ் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்துக்கு முதல் தலைவராக விளங்கியவர். சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, மற்ற இனத்தவரைவிட இந்தியர்களுக்கு இருதயக் குழாய் நோய் மிக அதிகம் என்று அவரும் அவருடைய குழுவினரும் 1959-இலேயே எழுதினார்கள். 2019-இல் நம் நாட்டில் எடுத்த சுகாதார ஆய்வில், இந்தியரில் பெரியவர்கள் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. நாடு முழுவதுக்கும் அது 18 பேர்தான்.

பலன் நிச்சயமாகத் தெரிந்த வழி, கெட்ட கொழுப்பைக் குறைப்பதுதான். வட ஐரோப்பாவில் இருதய நோய் கண்ட 4,444 பேரிடம் சிம்வாஸ்டேட்டின் மாத்திரையைச் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணம் நூற்றுக்கு 30 பங்கு குறைவாக இருந்தது. எனவே நல்ல கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "என் எல்.டி.எல். எவ்வளவு, எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இனிப்பு நீரையும் இரத்தக் கொதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் செலவு. சிகரெட்டை விடுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். சந்தான் சேர்த்த கறியையும் பொரித்ததையும் குறைத்து, மீன், கீரை, பருப்பைக் கூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் இருந்து, கையிலோ தாடையிலோ வலி பரவி, உடம்பு குப்பென்று வியர்த்தால், "வாயுதான்" என்று சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவும் வரலாம். மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். இருதயத் தசைக்கு அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.