அவநம்பிக்கை யார் குற்றம்?

அமெரிக்கக் கறுப்பின முதியோர் வைத்தியரை நம்புவதில்லை. ஆதலாற் பிணி முற்றிய பின்னரே வருகின்றனர் என்பர் சிலர். நோயாளியின் மனத்திலே குற்றங் காணும் இக்கூற்று வரலாற்றை மறைப்பதாகும். 1932 முதல் 1972 வரை அலபாமாவின் ரஸ்கீகியிலே, சிபிலிசு நோயுற்ற 399 கறுப்பின ஆடவரை, பென்சிலின் வந்த பின்னரும் அதனை வழங்காது, ஆய்வின் பெயரால் நலிய விட்டது அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவை.

அது பழங்கதை என்பார்க்கு ஒன்று கூறுவோம். முதுமையிற் பெருகும் சிறுநீரக நோயை அளக்க 2009இல் வந்த சூத்திரம், கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் சிறுநீரகச் செயற்றிறனை ஏறத்தாழ 16 சதவீதம் கூட்டிக் காட்டியது. அதனைக் கைவிடுமாறு 2021இலேதான் பரிந்துரைக்கப்பட்டது. அதுவரை வைத்தியரை நம்பி உரிய காலத்தில் வந்தோரும், காகிதத்திலே நலமுடையோராகி, மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலிற் பிந்தினர். திருந்த வேண்டியது முதியோர் மனமன்று, மருத்துவத்தின் அளவுகோலே.