வெறுங்காணியில் ஒரு பாம்பு

"அங்க ஒண்டும் இல்லை, வெறும் புல்லுத்தான்." ஒரு காணியைப் பற்றி இப்படிச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டால் அதை அழிப்பதும் சுலபம். வட அமெரிக்காவின் புல்வெளிகளுக்கு நடந்ததும் இதுதான் என்பது எங்கள் கருத்து. அங்கே வாழும் சமவெளிக் கார்ட்டர் பாம்பைப் பார்த்தால் விளங்கும்.

கனடாவின் தெற்குப் புல்வெளிகளிலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ வரை பரவியிருக்கும் இனம் இது. முதுகின் நடுவில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் கோடு, பக்கத்துக்கு ஒரு கோடு. மண்புழு, தவளை, அட்டை தின்னும். முட்டையிடாது, குட்டி போடும். மனிதருக்கு ஆபத்தில்லாதது.

இதுக்குக் கஷ்டகாலம் குளிர்காலம்தான். உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போகாவிட்டால் செத்துவிடும். அதற்கு வேறு பிராணிகள் தோண்டிய வளைகளும் நிலவெடிப்புகளும் வேணும். ஆகவே இந்தப் பாம்புக்குப் புல்வெளி எண்டால் மேலே தெரியும் புல் மட்டுமில்லை. கீழே இருக்கும் வளையும் பக்கத்து ஈரநிலமும் சேர்ந்ததுதான்.

1837இல் இலினோய் மாநிலத்தில் ஜோன் டியர் உருக்குக் கலப்பை செய்தார். கலப்பையில் ஒட்டிப்பிடிக்கும் கரிய மண்ணையும் அதனால் உழ முடிந்தது. 'புல்வெளி மாநிலம்' என்று பெயரெடுத்த இலினோயில் இண்டைக்குப் பழைய புல்வெளியில் நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

"சிக்காகோவில் வெறும் வளவுகளிலும் இந்தப் பாம்பு இருக்குதானே, பிறகென்ன?" எண்டு கேட்கலாம். உண்மைதான். உலக அளவில் இது ஆபத்தில்லாத இனமாகத்தான் பட்டியலில் இருக்கு. ஆனால் ஒஹாயோவைப் பாருங்கோ. அந்த மாநிலத்தில் இது அழியும் ஆபத்திலுள்ள இனம். கில்டீர் சமவெளிப் பக்கம் தனித்துப்போய்க் கிடக்கு. குட்டிகளைக் கொஞ்சக்காலம் வளர்த்து அங்கே விட்டும் பார்த்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் விடுவதற்கு நிலம் மிஞ்சியிருந்தபடியால்தான் அதுவும் முடிந்தது.

உழவே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. சாப்பாடு எல்லாருக்கும் வேணும். மிஞ்சின துண்டுகளையாவது ஈரநிலத்தோடு சேர்த்து விட்டுவையுங்கோ என்றுதான் கேட்கிறோம். வேறெங்கோ நிறைய இருக்கு என்பது ஓரிடத்தில் ஒரு உயிரை இல்லாமல் செய்ய நியாயமாகாது. ஒரு நிலத்தை 'வெறுங்காணி' என்று எழுதமுன், மண்ணுக்குக் கீழே ஆர் குடியிருக்கினம் எண்டு ஒருக்கா பார்க்கவேணும்.