மண் கல்லில் வீடு கட்டினா தாங்குமா? உத்திரமேரூர் கோயில் சொல்லும் பாடம் என்ன?

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால், கட்டுமானத் துறைக்கும் அங்கே ஒரு பாடம் இருக்கு. பல்லவர் காலத்து சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில், கருங்கல் அடித்தளத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பால் எழுப்பப்பட்டது. சிமெண்ட், கம்பி இல்லாமல் மூன்று அடுக்கு. சுமார் 1,200 ஆண்டுகளாக நிற்கிறது.

இப்போ ஏன் இந்தக் கேள்வி?

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகள் கட்டுவது இலக்கு. ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தொழிலில் இருந்து வருகிறது. அப்படியென்றால், சுவரையாவது உள்ளூர் மண்ணில் கட்டலாமா?

மழையில கரைஞ்சிடாதா?

வெறும் மண் சுவர் கரையும். இது வேறு. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, 4 வாரம் ஈரத்தில் பதப்படுத்துகிறார்கள். சூளை கிடையாது; விறகும் வேண்டாம். ஆரோவில்லில் இந்தக் கற்களால் நான்கு தளக் குடியிருப்பே இருக்கிறது. இந்தக் கற்களுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தர விதியும் உண்டு.

எந்த மண்ணும் ஆகுமா?

ஆகாது. ஏரிப்பாசனப் பகுதிகளில் கிடைக்கும் களிமண் ஈரத்தில் உப்பும்; காய்ந்தால் வெடிக்கும். அதில் மணல் சேர்க்கணும், அல்லது சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு கலக்கணும். மணல் பாங்கான மண்ணுக்கு சிமெண்ட் பொருந்தும். செடி வளரும் மேல்மண் கூடவே கூடாது.

பலவீனம் எங்கே?

மண்ணும் சுண்ணாம்பும் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும்; இழுத்தால் விரிசல் விடும். அதனால் தட்டைக் கூரைக்குக் கம்பி தேவை. நிலநடுக்கப் பாதுகாப்புக்கு சுவரைச் சுற்றி கான்கிரீட் பட்டையும் தேவை. இன்னொரு எதிரி, அடியில் தேங்கும் தண்ணீர். உத்திரமேரூர் கோயிலில் செங்கல் தரையைத் தொடாமல் கருங்கல் மேல் நிற்பதைக் கவனிக்கணும்.

செலவு குறையுமா?

மனையிலேயே நல்ல மண் கிடைத்தால் லாரி வாடகை மிச்சம். மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்தாலோ, பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டாலோ அந்த மிச்சம் காணாமல் போகும்.

கட்டும் முன் என்ன செய்யணும்?

மண்ணை ஆய்வகத்தில் சோதிக்கணும். சில கற்களைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்திலும் எடை தாங்குதான்னு பார்க்கணும். அரசுத் திட்ட வீடு என்றால், எந்த வகைச் சுவருக்கு அனுமதி என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கணும். கட்டிய பிறகு கேட்டால், தவணை நிற்கும் அபாயம் பயனாளிக்குத்தான்.