சுயநலம் என்று யார் யாரைச் சொல்வது?

பிடித்தவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்பும் பெண்ணிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "உன் சந்தோஷம் மட்டும்தான் உனக்கு முக்கியமா?" என்பது. சேரியிலிருந்து படித்து வந்து நகரத்தில் வேலை தேடிக்கொண்ட இளைஞனிடம், சில சமயம் நம் தோழர்களே கேட்பது, "உன் பிழைப்பை மட்டும் பார்த்துக்கொண்டாயே?" என்பது. இரண்டிலும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: சுயநலம். ஆனால் அந்தப் பெண்ணின் பங்காளிகள் நிலமும் சொத்தும் சாதியை விட்டு வெளியே போகாமல் காத்துக்கொள்வதை யாரும் சுயநலம் என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் மானம், மரபு, குடும்பப் பொறுப்பு. இந்தச் சொல் ஏன் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே வீசப்படுகிறது?

அறவியலில் இது பழைய வழக்கு. மனிதர் செய்வதெல்லாம் கடைசியில் தன் நலனுக்காகவே என்று ஒரு வாதம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதை மறுத்த விதம் இன்றும் செல்லும். ஓர் ஆசை என்னுடையது என்பதாலேயே அது என் நலனைப் பற்றிய ஆசை ஆகிவிடாது. பசித்தவருக்குச் சோறு போட்டால் எனக்கு மனம் நிறைகிறது என்றால், அவர் பசியாற வேண்டும் என்று நான் முன்பே விரும்பியதால்தான் நிறைகிறது. ஆக, மகிழ்ச்சி அடைவது வேறு, சுயநலமாக இருப்பது வேறு.

அடுத்து வந்த ஜெரமி பெந்தாமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் மகிழ்ச்சியையே அறத்தின் அளவுகோலாக்கினார்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும், எவரும் ஒன்றுக்கு மேல் இல்லை. பிறப்பை வைத்து ஆளுக்கு ஓர் எடை போடும் சமூகத்தில் இது சாதாரண வாசகம் அல்ல. மிராசுதாரின் மகிழ்ச்சிக்கும் பண்ணையாளின் மகிழ்ச்சிக்கும் ஒரே எடை என்கிறது. ஆனால் அதே மில் கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1859இல் வெளியான 'ஆன் லிபர்ட்டி' நூலில் தனிமனித சுதந்திரத்துக்காக வாதாடிவிட்டு, அந்தக் கொள்கை 'பின்தங்கிய' சமூகங்களுக்குப் பொருந்தாது என்று விதிவிலக்கும் எழுதிவைத்தார். சமமாக எண்ணுவது என்பது கடல் தாண்டியதும் நின்றுபோனது.

20ஆம் நூற்றாண்டில் அயன் ராண்ட் நேரெதிர்ப் பக்கம் போனார். 1964இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே சுயநலத்தை நற்குணம் என்றது. 'உன்னை மட்டும் தேர்ந்தெடு' என்று இன்று ரீல்ஸில் வரும் உபதேசங்களில் அவருடைய சாயல் உண்டு. அவருடைய நாயகர்கள் தங்கள் திறமையால் எழுகிறார்கள். தடுத்தால் விலகிப் போகிறார்கள். சாதியிலிருந்து அப்படி விலகிப் போக முடியாது. வாடகை வீடு தேடும்போதும் அது முன்னால் போய் நிற்கும். என் திறமை என்னவென்று பார்க்கும் முன்பே என் வேலை என்னவென்று எழுதிவைத்த ஏற்பாட்டில், தனியாளாக மட்டும் விடுதலை பெறுவது நடக்காத காரியம்.

நம் ஊர் உபதேசமோ வேறு வகை. பலனை எதிர்பாராதே, உனக்கு விதிக்கப்பட்ட கடமையைச் செய் என்கிறது கீதை. பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிட, தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல் என்றும் சொல்கிறது. கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் 'தன் தர்மம்' பிறப்பால் வருவது என்று வைத்துவிட்டால், பலனை எதிர்பாராதே என்பதன் பொருள் கூலி கேட்காதே, பள்ளிக்கூடம் கேட்காதே என்றாகிவிடுகிறது. அதனால்தான் கீதையை வருணத்துக்குத் தத்துவக் காப்பு தேடும் நூலாகப் பார்த்தார் அம்பேத்கர். சுயநலம் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு முதலில் ஒரு 'சுயம்' அனுமதிக்கப்பட்டதா என்பதே நம் கேள்வி.

அம்பேத்கர் இந்து மதத்தின் தத்துவத்தைச் சோதிக்க எடுத்துக்கொண்ட அளவுகோல்கள் இரண்டு: நீதி, பயன். பயன் மட்டும் ஏன் போதாது என்பதற்கு நம் தெருவே சான்று. பல ஆயிரம் வீடுகள் சுத்தமாக இருக்கின்றன; அதற்காகச் சிலர் சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுகிறார்கள். மொத்த மகிழ்ச்சியைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு லாபமாகவே தெரியலாம். 2013இல் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கச் சட்டம் வந்த பிறகும் குழிக்குள் சாவுகள் தொடர்கின்றன என்றால், அந்தக் கணக்கு இன்னும் பலருக்குச் சம்மதம் என்றே பொருள். சேர்ந்த கூட்டுத்தொகைக்குள் ஒருவர் உயிர் கரைந்துவிடக் கூடாது என்று சொல்லத்தான் நீதி என்ற இரண்டாவது அளவுகோல் வேண்டும்.

இதைத்தான் அவர் அரசியலமைப்புக்குள்ளும் கொண்டுவந்தார். 1947இல் எழுதிய 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்' நூலில், தனிமனிதர் எதற்கும் கருவி அல்ல, அவரே இலக்கு என்பதை ஜனநாயகத்தின் முதல் அடிப்படையாக வைத்தார். வேலையும் சோறும் வேண்டுமென்றால் உரிமையை விட்டுக்கொடு என்ற நிலை இருந்தால் அந்த அடிப்படை இடிந்துவிடும் என்பதால், பொருளாதாரப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்டார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாக ஏற்றதை வெளிப்படையாக வரவேற்றார். ஊரும் குடும்பமும் சாதியும் சேர்ந்து ஒருவரை விழுங்குவதை அறிந்தவர் அவர். வயதுவந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த வழியில்தான் வருகிறது. ஆக, காதலித்தவரோடு வாழ விரும்பும் பெண் சுயநலக்காரி அல்ல. தன் உயிரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவள். அவளைத் துரத்துகிறவர்கள் காப்பது ஒரு கூட்டத்தின் நலனை. தனக்கென்று தனி நலன் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்தும் குழுவிடம் சமூக விரோத உணர்வு இருக்கும் என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் எழுதியது இதைத்தான்.

அப்படியானால் எது நியாயமான தன்னலம்? 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரை மக்கள் அள்ளிக் குடித்தார்கள். அந்தத் தண்ணீர் இல்லாமல் அவர்கள் செத்துப்போய்விடவில்லை. நாங்களும் மற்றவர்களைப் போல மனிதர்களே என்று நிலைநாட்டவே போனோம் என்று அதே ஆண்டு டிசம்பரில் அம்பேத்கர் விளக்கினார். அந்த ஒரு கை நீர் அவரவர் சொந்த மகிழ்ச்சிதான். ஆனால் அதை அள்ளியதால் எவருடைய தாகமும் கூடவில்லை. சாதிப்பெருமை தரும் இன்பம் அப்படிப்பட்டது அல்ல. கீழே ஒருவர் நின்றால்தான் அது கிடைக்கும். நான் தேடும் மகிழ்ச்சி எல்லோருக்கும் கிடைத்த பிறகும் மகிழ்ச்சியாகவே இருக்குமா? இருந்தால் அது சுயமரியாதையோடு சேர்ந்தது. இன்னொருவரின் தாழ்வு அதற்குத் தேவைப்பட்டால் அதுதான் சுயநலம்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். 1956இல் ஆக்ராவில், படித்தவர்கள் தங்கள் வயிற்றை மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அம்பேத்கரே வருந்தினாரே? வருந்தினார். அந்த வருத்தத்தைத் துறவுக்கான அழைப்பாக நான் படிக்கவில்லை. அவர் கொலம்பியாவில் படித்தார், நன்றாக உடுத்தினார், புத்தகங்களுக்காகவே தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார். வறுமையை அவர் புனிதமாக்கியதே இல்லை. ஏறி வந்த ஏணியை இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் குற்றம்; ஏறியது குற்றமல்ல.

நம் இயக்கங்களும் யோசிக்க வேண்டிய இடம் இது. வசதியான வீட்டுத் தோழர் வேலையை விட்டுவிட்டு வந்தால் அதைத் தியாகம் என்கிறோம். முதல் தலைமுறைப் பட்டதாரி வேலைக்குப் போனால் விலகிவிட்டார் என்கிறோம். ஒருவருக்கு விழுந்தால் தாங்க வீடு இருக்கிறது. இன்னொருவரின் சம்பளத்தில்தான் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அப்பாவின் மருந்தும் இருக்கின்றன. இழப்பதற்கு அதிகம் இருப்பவரிடம் அதிகம் கேட்பதே நியாயம். நேரம் தர முடியாதவர் பணம் தரட்டும், பணம் இல்லாதவர் ஒரு பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். எதுவும் முடியாத ஆண்டில் ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாலும் அது இயக்கத்துக்கு இழப்பல்ல.

நம் பாட்டிகளுக்கு மறுக்கப்பட்டவற்றுள் ஓய்வு உண்டு, நல்ல துணி உண்டு, பிடித்தவரோடு பேசிச் சிரிக்கும் மாலை உண்டு. அவற்றை இன்று நாம் கூச்சமில்லாமல் அனுபவிக்கலாம். அனுபவிக்கும்போதே, இது இன்னும் யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.