உரசுவது டயர், வெட்டப்படுவது மட்காட்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துக் கராஜ்களில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்று உண்டு: "திருப்பும்போது டயர் உரசுது, மட்காட்டைக் கொஞ்சம் வெட்டி விடுங்கோ அண்ணை." காரைத் தாழ்த்தி, அகன்ற சில்லுகளைப் பூட்டிய இளைஞர்களே பெரும்பாலும் இவ்வாறு கேட்கின்றனர். வெட்டிக் கொடுக்க அதிக நேரம் எடுக்காது. அது பழுதுபார்த்தல் ஆகுமா என்பதே என் கேள்வி.

வன்னிக்கு இது புதுக் காட்சி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் இங்கே அரும்பொருள்கள். பழைய மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குழிகளில் அடி தட்டாமல் இருக்க, களைத்துப்போன ஸ்பிரிங் பிளேட்டுகளோடு இன்னொரு பிளேட்டைச் சேர்த்து வண்டியை உயர்த்துவதே அன்றைய மெக்கானிக்கின் கெட்டித்தனம். 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்ட ஏ-9 வீதி, போருக்குப் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டுப் புனரமைக்கப்பட்டது. வீதி மட்டமானதும் வண்டியைத் தாழ்த்தும் ஆசை வந்தது. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். அழகுணர்ச்சி எல்லோருக்கும் உரியது.

ஆனால் உரசல் என்பது ஓர் அறிகுறி. நோய் வேறிடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று காண்பது கடினமன்று. டயரின் தோள்பகுதியிலும் பக்கச்சுவரிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உரசும் இடம் தெரியும். முழுமையாகத் திருப்பும்போது மட்டும் உரசினால், சில்லின் அகலத்தையும் ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குழியில் விழும்போதோ பின்னிருக்கையில் மூவர் ஏறியதுமோ உரசினால், ஸ்பிரிங்கையும் சொக் அப்சோபரையும் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 175/70, 13 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 195/50, 15 அங்குல டயர் பூட்டுகிறார்கள். இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 575 மில்லிமீற்றர்தான். "உயரம் சரியாக இருக்கிறதே, ஏன் உரசுகிறது?" என்று வியக்கிறார்கள். அகலம் 20 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது. ரிம்மும் வெளியே தள்ளி நின்றால், கூடிய அகலத்தின் பெரும்பகுதி மட்காட்டின் பக்கமே வந்து சேரும். அதோடு காரையும் தாழ்த்தினால் உரசாமல் என்ன செய்யும்?

தாழ்த்தும் முறையிலும் வில்லங்கம் உண்டு. பொருத்தமான குட்டை ஸ்பிரிங் வாங்கப் பணம் வேண்டும் என்பதால், இருக்கும் ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். அல்லது எரிவாயுச் சுவாலையால் சூடாக்கி அமுக்குகிறார்கள். சூடு பட்ட உருக்கு தன் பதத்தை இழக்கிறது. வெட்டிய ஸ்பிரிங், சில்லு தொங்கும் வேளையில் தன் இருக்கையை விட்டு நழுவலாம்.

வாங்கிய நாளிலிருந்து எதையும் மாற்றாத கார்களும் இன்று தாழ்ந்து நிற்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவரை பழைய காரே கதி என்றிருந்த குடும்பங்கள் பல. அந்தக் கார்களின் ஸ்பிரிங்குகளும் புஷ்களும் களைத்துவிட்டன. அவற்றுக்கும் மட்காட்டை வெட்டுவதே வைத்தியம் என்றால், கண்ணாடியை உடைத்து முகத்தைத் திருத்தின கதைதான்.

முதலில் தயாரிப்பாளர் குறித்த அளவு டயருக்கும் ரிம்முக்கும் திரும்புங்கள். களைத்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அதன் பிறகும் சிறிது தட்டினால், மட்காட்டின் உள்விளிம்பைப் பதமாக மடிக்கலாம். வெட்டினால் தகடுகளின் பொருத்து திறந்து, மாரி மழையில் துருவுக்கு வாசலாகும். உயரம் மாறிய எந்தக் காருக்கும் வீல் அலைன்மென்ற் செய்வது கட்டாயம்.

இத்தனையும் ஏன் என்றால், உரசும் டயர் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடுகிறது. பக்கச்சுவர் அறுந்த டயருக்கு ஒட்டுப் போட முடியாது. அது வெடிப்பது கராஜ் வாசலில் நிற்கும்போதல்ல. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், இரவில், குடும்பத்தோடு வேகமாகப் போகும்போது. எதிரே சைக்கிளில் வருபவருக்கு இந்த அழகுணர்ச்சியில் எந்தப் பங்கும் இல்லை.

ஜேர்மனியில் வாழும் வாசகர்களுக்குத் தெரியும்: அங்கே காரைத் தாழ்த்தினால், அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும்; இல்லையேல் வண்டி வீதியில் ஓடும் அனுமதியையே இழக்கலாம். நம் நாட்டில் தனியார் காருக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை உண்டு. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காரின் சில்லையும் ஸ்பிரிங்கையும் ஆண்டுக்கொரு முறை பார்க்க எவரும் இல்லை. மாற்றியமைத்த கார்களுக்காவது இந்தப் பரிசோதனையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நமக்கிருக்கும் ஒரே பரிசோதகர் கராஜ்காரர்தான். உதிரிப்பாகம் இல்லாத காலத்திலும் வண்டியை ஓடவைத்த பரம்பரை அவருடையது. "வெட்ட மாட்டேன் தம்பி, முதலில் ஸ்பிரிங்கைப் பார்ப்போம்" என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னதற்காகப் பக்கத்துக் கராஜுக்கு வண்டியைத் திருப்பாமல், தம்பி கேட்கவும் வேண்டும்.